ஒரே அலைவரிசையில் இரண்டு வானொலிகள்

வடபழனிக்கு நான் குடிவந்த புதிதில், 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா எப்.எம். போட்டால் ஒரே கரகரப்பு. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம் 2004-ல் தொடங்கிய சமுதாய வானொலி அது. இன்றைய தெலங்கானாவின் மாச்னூரில் தலித் பெண்கள் 2008-ல் தொடங்கிய சங்கம் ரேடியோவுக்கும் இதே 90.4தான். இரண்டும் மோதுகின்றனவோ?

வாய்ப்பே இல்லை. சமுதாய வானொலிக்குப் பொதுவாக 100 வாட் கதிர்வீச்சுத் திறன்தான் அனுமதி. பத்துப் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் அதிசயம். இந்த வரம்பு இருப்பதால்தான் ஒரே அலைவரிசையைப் பல ஊர்களுக்குக் கொடுக்க முடிகிறது. ஏ.எம். மத்திய அலை அப்படியல்ல. இரவில் அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும்; தூரத்து நிலையம் குறுக்கே பேசும்.

என் கரகரப்புக்குக் காரணம், ரேடியோவை ஒட்டியிருந்த கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.! நீங்களும் முதலில் கம்ப்யூட்டரை அணைத்துப் பாருங்கள்.