தலைச்சுற்று: குறை பெண்ணிடமா, கருவியிலா?

ஓடும் பஸ்ஸில் புத்தகம் வாசித்தால் சிலருக்குத் தலை சுற்றும், வயிற்றைப் புரட்டும். உடம்பு நகர்கிறது என்று உட்காது சொல்ல, புத்தகத்தைப் பார்க்கும் கண்ணோ நகரவில்லை என்கிறது. இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் மூளை தடுமாறாமல் என்ன செய்யும்?

கணினிப் படத்தைக் கண்ணெதிரே காட்டும், தலையில் அணியும் கருவிகளாலும் பலருக்கு இதே தொல்லை வருகிறது. அங்கே விடயம் தலைகீழ். கண் நகர்வைக் காண்கிறது, உடம்போ கதிரையில் இருக்கிறது. இத்தொல்லை பெண்களுக்கே அதிகம் என்று பல ஆய்வுகள் எழுதின. அப்படியானால் பெண்ணின் உடம்பு இத்தொழில்நுட்பத்துக்கு ஒத்துவராததா?

கலப்பு யதார்த்தம்

1994ஆம் ஆண்டு போல் மில்கிராம், ஃபுமியோ கிஷினோ ஆகிய இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் ஒரு கோட்டை வரைந்து காட்டினர். கோட்டின் ஒரு முனையில் நாம் வாழும் உண்மையான அறை. மறுமுனையில் முழுக்க முழுக்கக் கணினி படைத்த உலகம். இடையில் உள்ளதெல்லாம் கலப்பு யதார்த்தம். மேசை உண்மையானது, அதன்மேல் தெரியும் பூச்சாடியோ கணினி வரைந்தது.

இதன் தொடக்கம் பழையது. 1968இலேயே அமெரிக்காவின் ஐவன் சதர்லண்ட், தலையில் அணிந்து பார்க்கும் கருவியொன்றைப் பற்றி எழுதினார். 1992இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தார், கர்ப்பிணியொருவரின் ஸ்கேன் படத்தை அவரது வயிற்றின் உள்ளேயே, அது இருக்கும் இடத்திலேயே காணும்படி செய்து காட்டினர். வைத்தியர் நோயாளியை விட்டுத் திரையைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்பதே இதன் நோக்கம்.

இங்கே மவுஸும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. கண்ணால் பார்த்தே கட்டளையிடலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். தொட்டதெல்லாம் பொன்னாகி, உண்ண உணவின்றித் தவித்த மைடாஸ் மன்னனின் கதை நமக்குத் தெரியும். அதுபோலப் பார்த்ததெல்லாம் திறந்துகொண்டால் யாரால் தாங்க முடியும்? ஆய்வாளர்கள் இதற்கு மைடாஸ் சிக்கல் என்றே பெயரிட்டனர். 2024இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோ கருவியில், கண்ணால் பார்த்து, இரு விரல்களைச் சேர்த்தால்தான் கட்டளை நிறைவேறும்.

எழுத்தும் ஒரு பாடம்

ஜேர்மனியின் பல்கலைக்கழகங்களில் கணினித்துறை மாணவர்களுக்குக் கருத்தரங்கு என்றொரு பாடம் உண்டு. ஆளுக்கொரு தலைப்பு கொடுக்கப்படும். மாணவர் அதுபற்றிய ஆய்வுகளைத் தேடி வாசித்து, கட்டுரை எழுதி, வகுப்பின் முன் பேச வேண்டும். சில இடங்களில் சக மாணவர்களே கட்டுரையை வாசித்துக் குறை சொல்வர். பிறகு திருத்தி எழுத வேண்டும்.

கருவி செய்யப் படிப்பவருக்கு எழுத்துப் பயிற்சி எதற்கு? தலைச்சுற்றுக் கதையே இதற்குப் பதில்.

2020இல் கே ஸ்டானியும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கருவியின் இரு வில்லைகளுக்கு இடையேயுள்ள தூரம், அணிபவரின் இரு கண்மணிகளுக்கு இடையேயுள்ள தூரத்துக்குப் பொருந்துகிறதா என்று அவர்கள் பார்த்தனர். சராசரியாகப் பெண்களின் கண்மணி இடைவெளி ஆண்களுடையதைவிடச் சற்றுக் குறைவு. கருவியைக் குறுக்கக்கூடிய அளவோ பல பெண்களுக்குப் போதவில்லை. சரியாகப் பொருந்திய பெண்களின் அனுபவம் ஆண்களுடையதைப் போலவே இருந்தது.

ஆக, பெண்களுக்குத் தலைசுற்றும் என்று எழுதுவது ஒன்று. கருவி பொருந்தாதவர்களுக்குத் தலைசுற்றும் என்று எழுதுவது வேறொன்று. முதல் வாக்கியம் பெண்ணை ஒதுக்குகிறது. இரண்டாவது, கருவியைத் திருத்தச் சொல்கிறது.

இதனால்தான் ஆய்வுக் கட்டுரையில் செய்முறை என்ற பகுதி முக்கியமாகிறது. எத்தனை பேரைச் சோதித்தார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், எந்தக் கருவி, எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் அங்கே மறைக்காமல் எழுத வேண்டும். அப்போதுதான் இன்னொருவர் அதையே செய்து பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க முடியும்.

உம்மாமாரே, சகோதரிகளே! பெண்களுக்கு இது வராது, அது சரிப்படாது என்று ஆய்வு சொல்வதாக எங்கேனும் வாசித்தால் உடனே நம்பிவிடாதீர்கள். யாரைச் சோதித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். பல்கலைக்கழகம் செல்லும் உங்கள் மகளுக்கும் இந்தக் கேள்வியைப் பழக்குங்கள். நாளை அந்தக் கட்டுரையை எழுதப் போவது அவளாகவும் இருக்கலாம்.