ஒரு படத்துக்கு ஒரு ரூபாய்!

ஆஸ்டின் டவுனில் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக்குள் நுழைந்தால், சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் கண்ணில் படலாம். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். பின்னால் திரைச் சீலையில் தூணும் மாடிப்படியும் வரைந்திருக்கும். பாட்டி ஏன் அப்படி விறைத்துப் போய் நிற்கிறாள்? காமிராவைக் கண்டு பயந்தா? அது பாதிக் காரணம்தான். காமிராவுக்குப் பின்னால், கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஓர் அந்நிய ஆண்பிள்ளை நின்றானே, அது மீதிக் காரணம்!

அந்தக் காலத்துப் படக்காரர்களுக்கு இது பெரிய தொல்லை. வீட்டுப் பெண்கள் வெளி ஆண் முன்னால் வரமாட்டார்கள். வராவிட்டால் பாதி வியாபாரம் போயிற்று. இதற்கு முதலில் வழி கண்டவர்களில் ஒருவர் ஹைதராபாத் நிஜாமின் புகைப்படக்காரர் லாலா தீன்தயாள். 1892ல் பெண்களுக்கென்றே உயரமான சுவர் எழுப்பி ஒரு தனி ஸ்டூடியோ திறந்தார். அதைக் கவனித்துக்கொண்டவர் கென்னி லெவிக் என்ற ஆங்கிலேய அம்மையார். கல்கத்தாவில் அன்னபூர்ணா தத்தா (1894-1976) என்ற வங்காளப் பெண்மணி, வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்தே சம்பாதித்தார். கோஷா வீடுகளில் அவருக்கு நல்ல வரவேற்பு.

ஆனால் நாலு சுவருக்குள் நிற்காமல், நடுத்தெருவில் ஆண்களோடு முண்டியடித்துக்கொண்டு காமிரா பிடித்து, அதையே பிழைப்பாக்கிக்கொண்ட பெண் என்றால், முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஹோமாய் வியாரவல்லா.

நாடகக்காரர் மகள்

1913 டிசம்பர் 9ந் தேதி குஜராத்தில் உள்ள நவ்சாரியில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர் ஹோமாய். தகப்பனார் ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியில் நடிகர். கையில் காசு தங்காத குடும்பம். பம்பாய்க்கு வந்து வாடகை வீடுகளில் மாறி மாறிக் குடியிருந்தார்கள். பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. அந்த நிலையிலும் பெண் மெட்ரிகுலேஷன் முடித்து, ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் சேர்ந்தது சாதாரண விஷயம் அல்ல.

காமிராவைக் கையில் கொடுத்தவர் மானெக்ஷா. ஹோமாய்க்கு 13 வயதிலிருந்தே பழக்கமானவர். பின்னால் கணவர் ஆனவர். 'டைம்ஸ் ஆப் இந்தியா' பத்திரிகையில் கணக்குப் பார்த்த குமாஸ்தா. பகலில் பேரேடு, மற்ற நேரத்தில் காமிரா! அவரிடம்தான் ஹோமாய் தொழிலைக் கற்றார்.

1938ல் பெண்கள் சங்கம் ஒன்று உல்லாசப் பயணம் போனது. ஹோமாய் அதைப் படம் எடுத்து 'பாம்பே கிரானிக்கிள்' பத்திரிகைக்குக் கொடுத்தார். படங்கள் வெளிவந்தன. கூலி? படத்துக்கு ஒரு ரூபாய்.

யார் பெயர்?

அதற்குப் பிறகு உலக யுத்தம் வந்தது. 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி' பத்திரிகைக்கு யுத்தகாலப் படங்கள் ஏராளமாகத் தேவைப்பட்டன. ஹோமாய் எடுத்த படங்கள் அதில் வெளிவந்தன. ஆனால் அடியில் அச்சானது மானெக்ஷாவின் பெயர்! ஒரு பெண் எடுத்த படம், அதுவும் பெயர் தெரியாத பெண் என்றால் மதிப்பு இராது என்பது அன்றைய நிலைமை. வெயிலில் அலைந்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு. கணவர் நல்லவர்தான், அதற்காக இது நியாயம் ஆகிவிடாது.

1942ல் இருவரும் டில்லிக்குப் போனார்கள். பிரிட்டிஷ் தகவல் நிலையத்தில் வேலை. வெளி வேலையும் எடுத்துச் செய்யலாம் என்று அனுமதி இருந்தது. சேலை கட்டிய பெண், தோளில் காமிராப் பெட்டியை மாட்டிக்கொண்டு டில்லித் தெருக்களில் சைக்கிளில் போனதை ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அந்தக் காமிரா இன்றைய செல்போன் போல அல்ல. 'ஸ்பீட் கிராபிக்' என்பது கனமான பெட்டி. பிலிம் சுருளாக வராது, தனித்தனித் தகடு. ஒரு சட்டத்தில் முன்னும் பின்னுமாக இரண்டே தகடு இருக்கும். ஒரு படம் எடுத்ததும் சட்டத்தை உருவித் திருப்பிப் போட வேண்டும். பிளாஷ் பல்பு ஒரு தடவைதான் எரியும். அடுத்த படத்துக்குச் சுடச்சுடக் கழற்றிப் புதுசு மாட்ட வேண்டும். தலைவர் கை அசைக்கும் அந்த ஒரு விநாடி தவறினால் தவறியதுதான். பிறகு இருட்டறையில் நின்று கழுவி, பிரிண்ட் போட வேண்டும்.

பெண் என்பதில் ஒரு லாபமும் இருந்தது. இவள் ஏதோ விளையாட்டாகக் காமிரா தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்து, பலர் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். ஹோமாய் அதைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார்.

1947 ஜூனில் காங்கிரஸ் தலைவர்கள் தேசப் பிரிவினைக்குக் கை தூக்கி வாக்களித்ததை அவர் படம் பிடித்தார். ஆகஸ்டு 16ந் தேதி செங்கோட்டையில் கொடி ஏறியதைப் படம் பிடித்தார். 1956ல் தலாய் லாமா நாதுலா கணவாய் வழியாக வந்தபோதும் அங்கே இருந்தார். நேருவை எத்தனையோ கோலங்களில் எடுத்தார்; கடைசியில் அவர் இறுதி ஊர்வலத்தையும் எடுத்தார்.

ஒரு படம் மட்டும் தவறிப்போயிற்று. 1948 ஜனவரி 30ந் தேதி மாலை, காந்திஜியின் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் புறப்பட்டவரைக் கணவர் தடுத்தார். நாளைக்கு இருவரும் சேர்ந்தே போகலாம் என்றார். அந்த நாளை வரவே இல்லை. ஆயுள் முழுதும் அந்த வருத்தம் ஹோமாய்க்குத் தீரவில்லை.

'டால்டா 13'

அவருக்கு ஒரு புனைபெயர் உண்டு: 'டால்டா 13'. டால்டா டின்னுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை! பிறந்தது 1913, கணவரைச் சந்தித்தது 13 வயதில், முதல் கார் நம்பர் டி.எல்.டி. 13. அதைச் சேர்த்து வைத்துக்கொண்ட பெயர். 13 ஆகாத எண் என்று ஒதுங்குகிறவர்கள் கவனிக்கவும்.

மானெக்ஷா 1969ல் காலமானார். அடுத்த வருஷம் ஹோமாய் காமிராவைக் கீழே வைத்தார். புதிதாக வந்த படக்காரர்கள் தலைவர்களிடம் மரியாதை இல்லாமல் நடந்துகொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. புகழின் உச்சியில் இருந்தபோதே விட்டவர், மறுபடி தொழிலுக்குத் திரும்பவில்லை. பிலானியில் பேராசிரியராக இருந்த மகனோடு சில வருஷம் இருந்தார். பிறகு 1982ல் பரோடா. மகனும் 1989ல் புற்றுநோயில் போய்விட்டார். அதன் பின் தனியாகவே வாழ்ந்தார். தோட்ட வேலையானாலும் வீட்டில் ரிப்பேரானாலும் தாமே பார்த்துக்கொண்டார்.

நாடு அவரை மறந்தே போயிருந்தது. சபீனா கடிஹோக் என்ற பேராசிரியை தேடிப் போய்ப் பேசி, அவரைப் பற்றி 2006ல் ஒரு புத்தகம் எழுதினார். 2011ல் பத்ம விபூஷண் விருது வந்தது. அப்போது ஹோமாய்க்கு வயது 97. மறு வருஷம் ஜனவரி 15ந் தேதி பரோடாவில் காலமானார். அவர் எடுத்த படங்களும் நெகடிவ்களும் டில்லியில் அல்காசி அறக்கட்டளையின் பாதுகாப்பில் இருக்கின்றன, அவருடைய சொந்தப் பெயரிலேயே.