மேற்கு ஆப்பிரிக்கச் சிறுநத்தைகள் – 7: முனையில் நிற்கும் முதலோடு

டக்கார் முதல் லுவாண்டா வரையுள்ள கரைமணலில் கிடைக்கும், 5 மில்லிமீட்டருக்கும் குறைவான ஓடுகளை வாயின் வடிவு கொண்டு பிரிக்கும் முறை சென்ற இதழில் சொல்லப்பட்டது. இவ்வாரம் மார்ஜினெல்லாக் குடும்பத்தின் தூண்மடிப்புகளை, அதாவது ஓட்டின் நடு அச்சில் வாயருகே தெரியும் மடிப்புகளை, விளக்குவதாக இருந்தது. ஆயினும் அதற்கு முன் ஓட்டின் மறுமுனையைப் பார்த்துவிடுவதே முறை.

நத்தையோடு முனையில் தொடங்கி வாயை நோக்கி வளர்வதாலும், பெரும்பாலான குடும்பங்களில் பழைய பகுதி உதிராமல் தங்குவதாலும், முட்டைக்குள்ளும் இளம்பருவத்திலும் உருவான முதலோடு முதிர்ந்த நத்தையின் உச்சியிலும் அப்படியே இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அது முடியும் இடத்தில் ஒரு கோடு தெளிவாகத் தெரிகிறது. கோட்டுக்கு மேலே மென்மையான வலைவேலைப்பாடு, கீழே முதிர்ந்த ஓட்டின் தடித்த வரிகள். வியக்கத்தக்கது என்னவெனில், நத்தை தன் குழந்தைப் பருவத்தை எங்கே கழித்தது என்பதையும் இம்முதலோடு சொல்லிவிடுகிறது. சிறிதாகத் தொடங்கிப் பல சுற்றுகள் கொண்டிருந்தால், இளம் உயிரி கடல்நீரில் மிதந்து நுண்ணுயிர்களை உண்டு வளர்ந்தது என்று பொருள். பருத்து, ஓரிரு சுற்றுகளோடு நின்றிருந்தால், கருவுணவு நிறைந்த முட்டையிலிருந்து அது ஊரும் நிலையிலேயே வெளிவந்திருக்கிறது. டென்மார்க்கின் குன்னார் தோர்சன் 1950-இல் வலியுறுத்திய இத்தொடர்பு, இனங்களின் பரவலையும் விளக்குகிறது: மிதக்கும் பருவமுடையவை நெடுங்கரை எங்கும் பரவ, அப்பருவம் இல்லாதவை இடத்துக்கு இடம் பிரிந்துபோகின்றன. கேப் வெர்டி தீவுகளின் கூம்பு நத்தைகளில், ஒரே விரிகுடாவில் மட்டும் வாழும் இனங்களும் உண்டு.

சங்கில் வலம்புரி எனப்படும் திசையில் சுருளும் டிரைஃபோரிடே குடும்பத்திலோ, மணிமணியான வரிகள் இனத்துக்கு இனம் ஒத்திருப்பதால், முதலோட்டின் வேலைப்பாட்டையும் நடுவரி எந்தச் சுற்றில் தோன்றுகிறது என்பதையும் பாராமல் பெயரிடுவது அரிது. அலையில் உருண்டு உச்சி தேய்ந்த ஓடு, எவ்வளவு அழகாயினும், அங்கே பயன்படுவதில்லை. எனினும் முதலோட்டின் வேறுபாட்டை மட்டும் கொண்டு தனிப் பேரினங்களை அமைத்த பழைய வழக்கம் தவறானது. மிக நெருங்கிய இரு இனங்களில் ஒன்று மட்டும் மிதக்கும் பருவத்தை இழந்திருக்கக்கூடும் என்பதை 1990-இல் ஃபிலிப் பூஷே எடுத்துக்காட்டினார். இனத்தைப் பிரிக்க உதவும் சான்று, பேரினத்தைப் பிரிக்கப் போதாது.

ஓடு மட்டும் போதாது என்பதை முன்னரே உணர்ந்தவர் மிஷேல் அதான்சோன். 1749-இல் செனகல் சென்ற அவர், நத்தையின் உடலையும் வாய்மூடியையும் சேர்த்தே ஆராய்ந்து, 1757-இல் நூலாக வெளியிட்டார். விலங்குப் பெயரீட்டு விதிகள் 1758-ஐத் தொடக்கமாகக் கொண்டதால், ஓராண்டு முந்திய அவருடைய பெயர்கள் முன்னுரிமை பெறாமல் போயின; அக்கரையின் முதல் பேராய்வுக்கு நேர்ந்த இக்குறை வருந்தத்தக்கது.

மார்ஜினெல்லாக் குடும்பத்திலோ குஞ்சுகள் ஊரும் நிலையிலேயே பொரிப்பதால் முதலோடுகள் பெரிதும் பருத்து ஒரே சாயலாகவே அமைகின்றன. ஆகவே அங்கே தூண்மடிப்புகளும் உதட்டுப் பற்களும் உயிருள்ள உடலின் நிறக்கோலமுமே துணை. அவை அடுத்த இதழில்.