எண்ணெய் எங்கே போகிறது?

ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்குள் அடைந்திருக்கும் வெப்பம் அரை லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் 5 மில்லி. எடை சுமார் நாலரை கிராம். கிராமுக்கு 9 கலோரி வீதம் 40 கலோரி. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றும் வெப்பத்தைத்தான் சாப்பாட்டுக் கணக்கில் ஒரு கலோரி என்கிறோம். குழாய்த் தண்ணீர் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், கொதிநிலைக்கு இன்னும் 70 டிகிரி ஏற வேண்டும். 40ஐ 70ஆல் வகுத்தால் 570 மில்லி வருகிறது. சொட்டு வெப்பமும் சிதறாமல் தண்ணீருக்குள் போனால் நடக்கும் கணக்கு இது.

இந்தக் கணக்கு உடம்புக்கும் பொருந்தும் என்று காட்டியவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்பர் அட்வாட்டர். 1890களில் ஒரு மூடிய அறை கட்டி, அதற்குள் மனிதரை நாள் கணக்கில் தங்கவைத்து, சாப்பிட்டதையும் கழித்ததையும் மூச்சில் விட்டதையும் அளந்தார். உடம்பிலிருந்து கிளம்பிய வெப்பத்தை, குழாயில் ஓடிய தண்ணீர் எவ்வளவு சூடானது என்று பார்த்துக் கணக்கிட்டார். மாவுச்சத்துக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்றைக்கும் பாக்கெட்டுகளில் அச்சாகும் கலோரிக்கு அடிப்படையான எண்கள் அவர் வழி வந்தவை. கொழுப்புக்கு மட்டும் ஏன் இரண்டு மடங்குக்கு மேல்? மாவுச்சத்து மூலக்கூறில் ஆக்சிஜன் ஏற்கெனவே நிறையச் சேர்ந்திருக்கிறது. மேற்கொண்டு எரிய மிச்சம் குறைவு. கொழுப்பில் கார்பனும் ஹைட்ரஜனுமே நீளமாகக் கோத்துக் கிடக்கின்றன. ஏறக்குறைய முழுவதும் எரியக் காத்திருப்பவை.

நம் சாப்பாட்டை இப்படி ஆராய்ந்து பார்க்கும் வேலைக்குத் தமிழ்நாட்டில் ஒரு முக்கிய வேர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1918இல் குன்னூர் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்காரிசன் ஆரம்பித்த ஆய்வுக்கூடம்தான், 1958இல் ஐதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாடுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் மெக்காரிசன். சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியையே நம்பியிருந்த சென்னை மாகாணச் சாப்பாடு கடைசியில் நின்றது. நூறு வருஷம் கழித்தும் அந்த முடிவு உறுத்தத்தான் செய்கிறது. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து 2025இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகத் தெரிந்தது.

ஐதராபாத் நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய் என்கிறது. கிராமை வைத்துக்கொண்டு சமையல்கட்டில் ஒன்றும் செய்ய முடியாது. நாலு பேர் உள்ள வீடு என்றால் மாதம் மூன்றரை லிட்டர் என்று புரிந்துகொள்ளலாம். ரேஷன் பாமாயில் பாக்கெட் ஒன்று, கடையில் வாங்கும் ஒரு லிட்டர் பாக்கெட் இரண்டரை; பூரி, பஜ்ஜி, தாளிப்பு, தோசை, ஊறுகாய் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை பாக்கெட் காலியாகிறது என்று எண்ணிப் பாருங்கள். எந்தச் செயலியையும் விட அந்த எண் நேர்மையாகப் பேசும்.

வடசென்னையின் காலடிப்பேட்டை அடுப்படிகளுக்கு இந்தக் கணக்கு ஏன் இப்போது தேவைப்படுகிறது என்றால், இங்குள்ள சமையல் உடல் உழைப்புக்காக உருவானது. இந்தப் பேட்டையே நெசவாளர்களுக்காக எழுந்தது: 1717 முதல் 1720 வரை சென்னைப் பட்டணத்தின் ஆளுநராக இருந்த ஜோசப் கோலெட் அவர்களைக் குடியமர்த்திய ஊர் இது. பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், காசிமேட்டில் வலை இழுத்தவர்கள், எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் உலைக்கும் எந்திரத்துக்கும் முன்னால் ஷிஃப்ட் முழுக்க நின்றவர்கள். அவர்கள் தட்டில் விழுந்த சோற்று மலையும் மிதக்கும் எண்ணெயும் வியர்வையாகப் போயின. 2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்துவிட்டது. அதில் ஏறிப் போய் நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் பிள்ளைகளுக்கும் அதே அளவில் அதே குழம்பு. ருசியை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனசு வராது, சொல்லவும் வேண்டாம். எண்ணெய் எங்கே வேலை செய்கிறது, எங்கே சும்மா ஏறிக்கொள்கிறது என்று பிரித்துப் பார்த்தால் போதும்.

முதலில் பஜ்ஜியை எடுத்துக்கொள்வோம். வாழைக்காய்த் துண்டை மாவில் தோய்த்து 170, 180 டிகிரி எண்ணெயில் போட்டதும் சடசடவென்று குமிழி கிளம்புகிறது. அது எண்ணெய் கொதிப்பதல்ல. மாவுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே பாய்வது. அந்தப் பாய்ச்சல் இருக்கும்வரை எண்ணெய் உள்ளே நுழைய அதிக இடமில்லை, ஆவி அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் பஜ்ஜியில் ஊறும் எண்ணெய் எப்போது போகிறது? பெரும்பாலும் வாணலியை விட்டு எடுத்த பிறகு. வெளியே வந்ததும் பஜ்ஜி ஆறத் தொடங்கும். உள்ளே துளைகளில் நின்ற ஆவி குளிர்ந்து நீராகச் சுருங்கும். அந்த இடத்தில் காற்றழுத்தம் குறையும். மேல்தோலில் ஒட்டியிருக்கும் எண்ணெய் அந்தத் துளைகள் வழியே உள்ளே உறிஞ்சப்படும். எண்ணெயில் சாயம் கலந்து வறுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், ஊறும் எண்ணெயில் பெரும்பகுதி இந்த ஆறும் நேரத்தில்தான் போகிறது என்று கண்டார்கள்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. பஜ்ஜியை ஜல்லிக் கரண்டியில் எடுத்ததும் தட்டில் கொட்டக் கூடாது. வாணலிக்கு மேலேயே, சூடு இறங்குவதற்கு முன், நன்றாக உதறி வடிய விட வேண்டும். உடனே தாளில் ஒற்றி எடுக்க வேண்டும். தாமதித்தால் ஒற்றி எடுக்க மேலே அதிக எண்ணெய் இருக்காது, பெரும்பகுதி உள்ளே போயிருக்கும். குவித்து வைத்தால் மேலே உள்ளது வடிப்பதைக் கீழே உள்ளது குடிக்கும். மெல்லியதாகச் சீவியது அதிகம் குடிக்கும், ஏனென்றால் எடைக்கு மேல்பரப்பு அதிகம்; உருளைக்கிழங்கு சிப்ஸின் எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயாக இருப்பது அதனால்தான்.

அடுத்தது மீன் குழம்பு. வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள் வதங்கும்போது, "எண்ணெ பிரிஞ்சி மேல வரணும்" என்பார்கள் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள். அனுபவத்தில் வந்த அருமையான அளவுகோல் அது. வெங்காயமும் தக்காளியும் விடும் தண்ணீரில் எண்ணெய் பொடிப்பொடித் துளியாகச் சிதறிக் கலந்து நிற்கும். தண்ணீர் இருக்கும்வரை மசாலாவின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பச்சை வாசனையும் போகாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், கலவை உடையும், எண்ணெய் ஒதுங்கும். ஆக அந்த அடையாளம் தண்ணீர் போய்விட்டதைத்தான் சொல்கிறது. எவ்வளவு எண்ணெய் ஊற்றினோம் என்பதோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. குளம்போல் தேங்கினால்தான் பிரிந்தது என்று நினைத்து நாம் 100 மில்லி ஊற்றுகிறோம். அது 820 கலோரி. மூன்று டேபிள்ஸ்பூன், அதாவது 45 மில்லி ஊற்றினாலும் எண்ணெய் பிரியும். சட்டியின் ஓரத்தில் சின்னச் சின்ன முத்தாக வரும், குனிந்து பார்க்க வேண்டும். அது 370 கலோரி. வெங்காயத்தில் முதலிலேயே உப்பைப் போட்டு, சின்னத் தீயில் மூடி வைத்து, அடிப்பிடித்தால் எண்ணெய்க்குப் பதில் ஒரு கை தண்ணீர் தெளித்து வதக்கினால் மசாலா அதே பதத்துக்கு வரும். மத்தி, கானாங்கெளுத்தி போட்டால் அவற்றின் சொந்தக் கொழுப்பே குழம்பில் இறங்கும். அது உடம்புக்கு நல்ல கொழுப்பும்கூட.

கத்தரிக்காய் பஞ்சு மாதிரி குடிப்பதற்குக் காரணம் அதன் சதைக்குள் இருக்கும் காற்றறைகள். ஐந்து நிமிஷம் ஆவியில் வைத்து எடுத்தால் அவை அமுங்கிவிடும். பிறகு இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் தோசைக்கல்லில் புரட்டினாலே வறுவல் வரும்.

தாளிப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கடுகு, சீரகம், கறிவேப்பிலை, பெருங்காயம், பூண்டு ஆகியவற்றின் மணப் பொருள்கள் பெரும்பாலும் தண்ணீரில் கரையாதவை, எண்ணெயில் கரைபவை. தண்ணீர் எட்ட முடியாத சூட்டை எண்ணெய் எட்டுகிறது. அந்தச் சூட்டில் மணம் கழன்று எண்ணெயில் ஏறி, சட்டி முழுக்கப் பரவுகிறது. ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஒரு சட்டிக் கூட்டையே மணக்க வைக்கும். முருங்கைக்கீரை, கேரட், பரங்கிக்காயில் இருக்கும் கரோட்டினை உடம்பு எடுத்துக்கொள்ளவும் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். எண்ணெயே இல்லாத கீரை மசியலில் அந்தப் பயன் குறையும். வேகவைக்கும் வேலையைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, மணக்க வைக்கும் வேலையை எண்ணெய்க்குக் கொடுத்து, அதையும் கடைசியில் ஊற்றுவது கூட்டு சமைக்கும் முறை. அதற்குத் தேங்காய் அரைக்கும்போதும் கையை அடக்க வேண்டும். புதுத் தேங்காயின் எடையில் மூன்றில் ஒரு பங்கேனும் கொழுப்பு.

சட்டியில் சேரும் தண்ணீருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் 1999இல் வெளியிட்ட ஒரு சோதனை: ஒரே கோழி, அரிசி, காய்கறி. ஒரு நாள் அப்படியே, ஒரு நாள் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு, ஒரு நாள் அந்தத் தண்ணீரையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு சூப்பாக. சூப் குடித்த நாளில் மட்டும் பெண்கள் மதியச் சாப்பாட்டில் சுமார் நூறு கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். டம்ளர் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. ரசமும் சுரைக்காய்க் கூட்டும் வயிறு நிறைக்கும் மர்மம் இதில் இருக்கிறது. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் உள்ள கலோரியைச் சுரைக்காயில் தேடினால் கால் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டியிருக்கும்.

சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் 1995இல் 38 உணவுகளைச் சம கலோரி அளவில் கொடுத்து, எது அதிக நேரம் பசி தாங்குகிறது என்று பார்த்தார். முதலிடம் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு, இரண்டாம் இடம் மீனுக்கு. காசிமேடு பக்கத்திலேயே இருக்கும் நமக்கு இதைவிட நல்ல சேதி வேண்டாம். அதிலும் சுறாப் புட்டு! வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, நிறைய வெங்காயம் பூண்டோடு கொஞ்சம் எண்ணெயில் கிளறும் அந்தப் பதார்த்தத்தை, பத்தியம் என்று யாரும் சொல்லாமலே தலைமுறைகளாகச் சாப்பிட்டு வந்திருக்கிறோம்.

கடைசியாகச் சோறு. அரிசி வேகும்போது மாவுச்சத்து நெகிழ்ந்து, நொதிகள் சுலபமாகக் கரைக்கும்படி விரிகிறது. ஆறும்போது அதில் ஒரு பகுதி மறுபடி நெருங்கிப் படிகமாகிறது. சிறுகுடல் அதைச் செரிக்காமல் விட்டுவிட, பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் தின்கின்றன. 2015இல் கொழும்பிலிருந்து சுதைர் ஜேம்ஸ் என்ற மாணவரும் அவருடைய வழிகாட்டி புஷ்பராஜா தவராஜாவும், உலையில் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு வேகவைத்து, பன்னிரண்டு மணி நேரம் குளிரவைத்தால் இந்தச் செரியாத மாவுச்சத்து பல மடங்கு கூடுவதாக அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் சொன்னார்கள். சேதி உலகம் முழுக்கப் பரவியது. எனக்கு நம்பிக்கை தருவது அதே வருஷம் இந்தோனேசியாவில் வந்த அடக்கமான எண்கள்: நூறு கிராம் சுடுசோற்றில் 0.64 கிராம், ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்துச் சூடாக்கியதில் 1.65 கிராம். ரத்தச் சர்க்கரை ஏறுவது குறைந்தது உண்மை. கலோரியில் மிச்சமாவது மிகச் சொற்பம். அதை நம்பி இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் கணக்கு நட்டத்தில் முடியும்.

பழைய சோற்றின் பெருமை கலோரியில் இல்லை, இரவில் அதில் பெருகும் லாக்டிக் அமில நுண்ணுயிரிகளில் இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனையின் குடல் நோய் மருத்துவர்கள் அதை முறையான ஆய்வுக்கே எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் செய்யும்போது ஒன்றை மறக்கக் கூடாது. வேகவைத்தாலும் சாகாத ஒரு பாக்டீரியாவின் வித்துகள் அரிசியில் உண்டு. வெறும் சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சு விடும், திரும்பச் சூடாக்கினாலும் அது போகாது. அதனால் சோற்றை அகலமாகப் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, பருக்கை முழுக்க மூழ்கும்படித் தண்ணீர் ஊற்றி மூடி, மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். தொட்டுக்கொள்ள வெங்காயமும், வெறும் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் வறுத்த நெத்திலிக் கருவாடும் போதும். கருவாட்டில் உப்பு ஏற்கெனவே தூக்கலாக இருக்கும், சோற்றுக்குத் தனியாகப் போட வேண்டாம்.