துருப்பிடித்த பத்து ஃபெனிக்

ஜெர்மனியின் அவசர நாணயங்களைச் சேர்க்க ஆரம்பித்தபோது நான் முதலில் வாங்கியது ஒரு பீங்கான் நாணயம். வெள்ளை வெளேர் என்று, விளிம்பில் தங்கப்பூச்சோடு. பீங்கானில் காசா என்று ஒரு வாரம் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன். அது ஏறக்குறைய யார் கையிலும் புழங்காத பணம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

இவற்றுக்கு ஜெர்மனில் 'நோட்கெல்ட்' என்று பெயர். நோட் என்றால் நெருக்கடி, கெல்ட் என்றால் பணம். (நம்ம ரூபாய் நோட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

1914-ல் போர் தொடங்கியதும் மக்கள் வெள்ளிக்காசைப் பதுக்கினார்கள். செம்பும் நிக்கலும் ராணுவத்துக்குப் போயின. அரசே 5, 10 ஃபெனிக் காசுகளை இரும்பில் அடித்தது. அதுவும் போதவில்லை. டிராம் நடத்துநரிடம் சில்லறை இல்லை, ரொட்டிக்கடையில் சில்லறை இல்லை. மத்தியில் தீராததை ஊர்கள் தாங்களே தீர்த்துக்கொண்டன. நகராட்சி, மாவட்ட நிர்வாகம், தொழிற்சாலை எல்லாம் துத்தநாகத்திலும் இரும்பிலும், பின்னால் அலுமினியத்திலும் சொந்தக்காசு அடித்தன. பலவற்றில் 'க்ளைன்கெல்ட் எர்சாட்ஸ் மார்க்கே' என்று இருக்கும், அதாவது சில்லறைக்குப் பதில் வில்லை.

1918-ல் போர் முடிந்தது, சில்லறைப் பஞ்சம் முடியவில்லை. ஆகன் நகரம் 1920-ல் வெளியிட்ட 10 ஃபெனிக் இரும்புக்காசில் 'ஓஷர் க்ரோஷே' என்று அந்த ஊர்ப் பேச்சுவழக்கிலேயே போட்டிருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

இந்தக் கட்டத்தில்தான் சேகரிப்பாளர்கள் உள்ளே வருகிறார்கள். சாக்சனி மாநிலத்துக்காக மைசென் ஆலை 1920, 1921-ல் பீங்கான் காசு செய்தது. செலவழிந்ததை விட அலமாரிக்குப் போனதே அதிகம். சேர்ப்பவன் வாங்கிவைத்த காசு திரும்ப வராது, வெளியிட்டவருக்கு அத்தனையும் லாபம்! வெஸ்ட்பாலியாவின் 1 பில்லியன் மார்க் நாணயத்தைப் பாருங்கள். ஜெர்மன் கணக்கில் பில்லியன் என்றால் நம்ம லட்சம் கோடி. 1923 என்று ஆண்டு போட்டிருந்தாலும் அது கிட்டத்தட்ட ஒரு நினைவுப்பொருள்தான்.

அதே 1923-ல் ஹாம்பர்க்கின் அலுமினியக் காசுகள் நேர் எதிர். மதிப்பு 1/100, 5/100, 1/10 என்று பின்னத்தில் இருக்கும். காகித மார்க் மணிக்கணக்கில் சரிந்துகொண்டிருந்ததால், அதை விட்டுவிட்டுத் தங்க மதிப்பில் ஒரு கணக்கு அலகு வைத்துக்கொண்டார்கள். இது உண்மையிலேயே தேவைக்காக அடித்த காசு.

ஆகவே புதிதாகச் சேர்ப்பவர்கள் தேய்மானத்தைப் பாருங்கள். கையில் ஒரு காந்தமும் இருக்கட்டும்: இரும்பு ஒட்டும், துத்தநாகம் ஒட்டாது. துத்தநாகத்தில் வெள்ளைப்பொடி பூத்திருந்தால் புளி, எலுமிச்சை எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள், அமிலம் காசையே தின்றுவிடும். நான் ஒன்றை அப்படித்தான் கெடுத்தேன். மற்றவை இப்போது காகித உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கின்றன.