தர்மபுரி வானில் தெரியும் ஆல்ஃபா சென்டாரி: ஒருமுறை தெரிந்து மறைந்த புள்ளி கோளா? ஜேம்ஸ் வெப் பார்த்தது என்ன?

மே, ஜூன் மாதங்களில் தர்மபுரி மாவட்டத்தின் சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக்கிராமங்களில் இரவு 10 மணி வாக்கில் தெற்கே பார்த்தால், அடிவானத்துக்குச் சற்று மேலே இரண்டு பளிச் நட்சத்திரங்கள் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். அதில் பிரகாசம் கூடுதலானதுதான் ஆல்ஃபா சென்டாரி. லண்டனில் இது எழவே எழாது. டெல்லியிலும் அடிவானத்தை ஒட்டியே போய்விடும்.

இந்த நட்சத்திரத்தின் அருகே ஒரு மங்கலான புள்ளியை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி படம் பிடித்திருப்பதாக 2025 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. அது கோள்தானா?

ஏன் இந்த நட்சத்திரம் முக்கியம்?

சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம் இதுதான். தூரம் சுமார் 4.3 ஒளியாண்டு. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் ஏ, பி என இரண்டு நட்சத்திரங்கள் அதில் உண்டு. அது இரட்டை என்பதை 1689 டிசம்பரில் கண்டவர் ஜான் ரிஷோ என்ற பாதிரியார். எங்கிருந்து தெரியுமா? நம்ம புதுச்சேரியிலிருந்து. வால்நட்சத்திரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இது அவர் கண்ணில் பட்டது.

இதில் ஏ நட்சத்திரம் கிட்டத்தட்ட நம் சூரியனைப் போன்றது.

கோளைப் படம் எடுப்பது ஏன் கஷ்டம்?

சூரியனைத் தாண்டி 6,000-க்கும் மேற்பட்ட கோள்கள் உறுதி செய்யப்பட்டுள்ளன. அவற்றில் நேரடியாகப் படம் எடுக்கப்பட்டவை 100-க்கும் குறைவு. மற்றவை எல்லாம் நட்சத்திரத்தின் ஒளி சற்று குறைவது, நட்சத்திரம் லேசாக அசைவது போன்ற தடயங்களை வைத்துக் கண்டுபிடிக்கப்பட்டவை.

தொப்பூர் கணவாயில் எதிரே ஹை பீம் போட்டு ஒரு லாரி வருகிறது. அதன் பக்கத்தில் நடந்துபோகிறவர் கையில் உள்ள பீடியின் கங்கு தெரியுமா? தெரியாது. அதே சிக்கல்தான் இங்கேயும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில், பூமியைவிட சூரியன் சுமார் 1,000 கோடி மடங்கு பிரகாசம்.

அகச்சிவப்பு எப்படி உதவுகிறது?

அடுப்பை அணைத்த பிறகு தோசைக்கல் ஒளிராது. ஆனால் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே சூடு தெரியும். அந்தச் சூடு அகச்சிவப்புக் கதிராக வருகிறது. கோள்களும் அப்படித்தான். அகச்சிவப்பில் பார்த்தால் நட்சத்திரத்துக்கும் கோளுக்கும் உள்ள பிரகாச வித்தியாசம் பல மடங்கு குறைந்துவிடும்.

அதோடு, 'கொரோனாகிராஃப்' என்ற கருவி நட்சத்திரத்தின் ஒளியை மறைக்கும். மிச்சம் கசியும் ஒளியை, வேறொரு நட்சத்திரத்தின் படத்தோடு ஒப்பிட்டுக் கணினி கழித்துவிடும். ஆல்ஃபா சென்டாரியில் இது இரட்டை வேலை. பக்கத்திலிருக்கும் பி நட்சத்திரத்தின் ஒளியையும் கழிக்க வேண்டும்.

காவலூரில் இருந்து பார்க்க முடியாதா?

தர்மபுரிக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ளது. ஆனால் இந்த வேலைக்கு அங்கே தடையாக இருப்பது காற்றுமண்டலம். காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பை விழுங்கும். காற்றும் தொலைநோக்கியும் தம் சூட்டிலேயே அகச்சிவப்பில் ஒளிரும்.

அதனால்தான் 6.5 மீட்டர் ஆடி கொண்ட ஜேம்ஸ் வெப், பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கிறது. இந்தப் படத்தை எடுத்த 'மிரி' கருவி சுமார் மைனஸ் 266 டிகிரி செல்சியஸ் குளிரில் இயங்குகிறது.

தெரிந்தது எங்கே போனது?

2024 ஆகஸ்டில் எடுத்த படத்தில், ஏ நட்சத்திரத்தைவிட 10,000 மடங்குக்கும் மேல் மங்கலான ஒரு புள்ளி தெரிந்தது. சூரியன்–பூமி தூரத்தைப் போல சுமார் 2 மடங்கு தள்ளி இருந்தது. 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மறுபடி பார்த்தார்கள். அது அங்கே இல்லை.

சரி, அப்படியானால் அது பொய்யா? அதுவும் இல்லை. கோள் சுற்றிக்கொண்டே இருக்கும். நட்சத்திரத்துக்கு மிக அருகே போனால் அந்த ஒளியிலேயே மறைந்துவிடும். சாத்தியமான சுற்றுப்பாதைகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, அவற்றில் பாதியில் அந்த இரண்டு முறையும் கோள் கண்ணுக்குச் சிக்கியிருக்காது என்று தெரிந்தது. எனவே விஞ்ஞானிகள் இதை 'கோள்' என்று சொல்லவில்லை. 'கோளாக இருக்கக்கூடியது' என்றே சொல்கிறார்கள்.

அங்கே உயிர் இருக்குமா?

நீர் திரவமாக இருக்கக்கூடிய தூரத்தில் அது இருப்பதால் இந்தக் கேள்வி வருகிறது. ஆனால் அது கோளாக இருந்தால், சனி அளவு நிறை கொண்ட வாயுக்கோளம். நிற்கத் தரையே இருக்காது. நமக்குத் தெரிந்த உயிர்கள் அங்கே வாழ முடியாது.

இன்னொரு முறை, கணக்கு சொல்லும் இடத்தில் அந்தப் புள்ளி தெரிந்தால், சூரியனைப் போன்ற நட்சத்திரங்களின் கோள்களில் நமக்கு மிக அருகே படம் பிடிக்கப்பட்டது இதுவாக இருக்கும். அதுவரை, சமூக ஊடகத்தில் 'பக்கத்து நட்சத்திரத்தில் புதிய உலகம் கண்டுபிடிப்பு' என்று பார்த்தால், அந்த 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியைப் போட்டுக்கொள்வது நல்லது.