எட்டு மீசைக் கெளுத்தி

கெளுத்தியைக் கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும். முதுகில் ஒரு முள், பக்கத் துடுப்புகளில் தலா ஒன்று, ஆக மூன்று முள். குத்தினால் கடுகடுவென்று கடுக்கும். பெரிய மீன் விழுங்க வந்தால் முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும். முள்ளின் அடியைத் தேய்த்து ‘கிர்ர்’ என்று சத்தமும் போடும்!

உடம்பில் செதில் கிடையாது. மீசையோ எட்டு. கலங்கல் தண்ணீரில், அதுவும் இரவில் இரை தேடும் மீனுக்குக் கண் எவ்வளவு உதவும்? மீசையால் சேற்றைத் துழாவும். சுவை அறியும் மொட்டுகள் அந்த மீசையிலேயே இருக்கின்றன.

இந்தச் சின்னக் கெளுத்திகளின் பேரினத்துக்கு ‘மிஸ்டஸ்’ என்று பெயர். குளத்திலும் வாய்க்காலிலும் கிடைக்கும் கோடு போட்ட கெளுத்தி இதில் ஒன்று. அதை 1794-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் பெர்லின் மருத்துவர் பிளாக். அவருக்குக் கிடைத்த மீன் நம் தரங்கம்பாடியிலிருந்து போனது!

இந்தப் பேரினத்தில் பெரும்பாலானவை நன்னீர் மீன்கள். ‘மிஸ்டஸ் குலியோ’ வேறு மாதிரி. கோடு இல்லாத இந்தக் கெளுத்தி நன்னீரிலும் இருக்கும், கழிமுகத்து உப்புநீரிலும் இருக்கும். அதற்கேற்ற இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க மரக்காணம் அருகே உள்ள அனுமந்தைக்கு வாருங்கள். மேற்கே கழுவெளி ஏரி, வடக்கே மரக்காணம் உப்பளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிக்கு நன்னீர் வரும். முகத்துவாரம் வழியாகக் கடல்நீரும் ஏறும். ஒரே ஏரியில் ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் உவர்நீர்.

இதில் என்ன கஷ்டம்? மாங்காய்த் துண்டில் உப்பு தூவினால் தண்ணீர் விடுகிறதே, அதேதான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. மீனின் ரத்தத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். கடல்நீரில் உடம்புத் தண்ணீர் வெளியேறிவிடும். நன்னீரில் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். குலியோ இரண்டையும் சமாளிக்கிறது. உப்பு மிகுந்தால் தண்ணீரைக் குடித்து, கூடுதல் உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றும். நன்னீரில் சிறுநீரை நிறையக் கழித்து, செவுளால் உப்பைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் உப்பு விளையும் பாத்தியில் இந்த வித்தை பலிக்காது. அங்கே கடலைவிடப் பல மடங்கு உப்பு!

கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமானது. 2024-இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே வரும் பறவைகளில் பலவற்றுக்கு மீன்தானே இரை!

அடுத்த முறை மீன் கடைக்குப் போனால் கெளுத்தியின் மீசையை எண்ணிப் பாருங்கள். கடல் கெளுத்தி வேறு குடும்பம். அதற்குப் பெரும்பாலும் ஆறுதான். எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முள் பக்கம் கை போக வேண்டாம்.